கருத்துன்னு சொல்லிட்டு கணக்கைப் பேசினா, பதிலுக்கு டைம் தரணுமா?

கேள்வி:

வக்கீல் சாருக்கு வணக்கம். நான் அருமனை பக்கம், ரிட்டயர்ட் வாத்தியார். எங்க ஊர் குளத்தை தூர்வார ஊர்க்காரங்க சேர்ந்து போட்ட கமிட்டியில பொருளாளரா இருக்கேன். போன வியாழக்கிழமை ராத்திரி ஒரு தமிழ் சாட்டிலைட் சேனல்ல ஒருத்தர் தனியா உக்காந்து பேசுவாரே அந்த நிகழ்ச்சியில எங்க குளத்தைக் காட்டி, மண்ணெல்லாம் கேரளாவுக்குப் போச்சு, பொருளாளருக்குத் தெரியாம ஒரு லோடு நகராதுன்னு சொன்னார். என் பேரைச் சொல்லலை, ஆனா ஊர் பேரும் பதவியும் சொன்னப்பறம் பேர் எதுக்கு. சேனலுக்கு போன் போட்டா, இது செய்தி இல்ல சார், கருத்து நிகழ்ச்சி, பதிலுக்கு டைம் தரணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, வேணும்னா ஒருநாள் விவாதத்துக்கு வாங்கங்கறாங்க. கணக்கெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ரெண்டு லோடு மட்டும் ஒருத்தர் வீட்டு மனைக்கு அடிச்சுட்டார், அவர்ட்ட கமிட்டி அபராதம் வாங்கியாச்சு. டீக்கடைக்குப் போக முடியல, "சாரே, லோடு என்ன விலைக்குப் போச்சு"ன்னு கேக்கறாங்க. அவங்க எனக்கு டைம் தரணுமா இல்லையா? நான் விவாதத்துக்குப் போகவா?

பதில்:

சாரே, உங்க மெயில் சனிக்கிழமை வந்தது, அன்னைக்கே போன்ல பேசி முதல் புகாரை அனுப்ப வச்சாச்சு. அதனால அவசரம் தீர்ந்தது. இப்போ கொஞ்சம் நிதானமா எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய குளச்சல்லருந்து ஒரு மீனவர் சங்கத்துக்காரரும் திங்கள்சந்தையிலருந்து ஒரு கடைக்காரரும் வேற வேற மாதிரி கேட்டிருக்காங்க. வக்கீல் ஆகறதுக்கு முன்னாடி நான் சென்னையில நியூஸ் டெஸ்க்ல உக்காந்தவன், அந்தப் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், அதையும் சேர்த்தே சொல்லுறேன்.

முதல்ல கசப்பான விஷயம். போன்ல அவங்க சொன்னதுல பாதி சரி. தனியார் டிவி ஒருத்தரை விமர்சிச்சா அவருக்கு ஏர்டைம் குடுத்தே ஆகணும்னு நம்ம நாட்டுல தனியா ஒரு சட்டம் கிடையாது. பேப்பரா இருந்தா பிரஸ் கவுன்சில் நெறிமுறையில மறுப்பு வெளியிடறதைப் பத்தி இருக்கு, ஆனா பிரஸ் கவுன்சிலுக்கு டிவி மேல அதிகாரமே இல்ல. சில பேர் 1992ல சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டதேன்னு எல்ஐசி வழக்கைத் தூக்கிட்டு வருவாங்க. அதுல மனுபாய் ஷாங்கறவர் எல்ஐசி பாலிசிதாரர்களை ஏமாத்துதுன்னு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார், அதுக்கு எல்ஐசிகாரர் ஒருத்தர் தி ஹிந்துவுல பதில் எழுத, இவர் அதுக்கு மறுப்பு எழுத, ஹிந்து அதையும் போட்டுது. அப்பறம் எல்ஐசி தன்னோட சொந்தப் பத்திரிகையில தன் ஆள் எழுதினதை மட்டும் போட்டுட்டு இவர் மறுப்பைப் போடமாட்டேன்னுட்டுது, போடணும்னு கோர்ட் சொல்லிச்சு. நல்ல தீர்ப்புதான், ஆனா எல்ஐசி அரசாங்க நிறுவனம், பொதுமக்கள் காசுல நடக்கற பத்திரிகை, அதனாலதான் அந்த நியாயம் அங்க செல்லுபடியாச்சு. உங்களைப் பேசின சேனல் தனியார். அந்தத் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனா அவங்க வக்கீல் சிரிச்சுட்டுப் போயிடுவார்.

இன்னொரு பாதி தப்பு. "கருத்து நிகழ்ச்சி" அப்படீன்னு போர்டு வச்சுட்டா உள்ள சொல்றதெல்லாம் கருத்து ஆயிடாது. நீங்க அனுப்பின கிளிப்பை நாலு தடவை கேட்டேன், உங்களைத் தொடுற வாக்கியம் மொத்தம் நாலுதான் இருக்கு, ஒண்ணொண்ணா எடுத்து வைக்கறேன் பாருங்க.

ஒண்ணு, "தூர்வாருன மண்ணுல முக்காவாசி லாரி ஏறி களியக்காவிளை தாண்டிடுச்சு". இது கருத்தா? எவ்வளவு மண்ணு, எந்த வண்டி, எங்க போச்சுங்கறது பேப்பரை வச்சு சரி பார்க்கற சங்கதி, ஒண்ணு நடந்திருக்கணும் இல்ல நடந்திருக்கக் கூடாது.

ரெண்டு, "பொருளாளருக்குத் தெரியாம ஒரு லோடு நகராது". இதுதான் விஷமான வாக்கியம், பொருளாளர் வித்தார்னு சொல்லல, ஆனா கேக்கறவன் மனசுல வித்தார்ங்கறது விழுந்தாச்சு. கேபிள் டிவி விதிகள்ல, 1994ம் வருஷத்து விதி 6ல புரோகிராம் கோட்னு இருக்கு, அதுல அவதூறு கூடாது, வேணும்னே பொய் கூடாதுங்கறதோட ஜாடையா குத்திப் பேசறதும் அரை உண்மையும் கூடாதுன்னு சேர்த்தே போட்டிருக்கு. இந்த வாக்கியத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு அந்த விதி.

மூணு, "இந்த மாதிரி கமிட்டிகளைக் கலைச்சிட்டு அரசாங்கமே குளத்தை எடுத்துக்கணும்". இது சுத்தமான கருத்து, அவர் தாராளமா சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம், உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட தரவேண்டியதில்ல.

நாலு, "பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்கு வெட்கம் வேண்டாமா". உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணினது இதுதான்னு தெரியும், மெயில்ல மூணு இடத்துல எழுதியிருக்கீங்க. ஆனா சாரே, சட்டப்படி இதுல கை வைக்க ஒண்ணும் இல்ல, இது முதல் ரெண்டு வாக்கியத்து மேல ஏறி நிக்கற திட்டு. அந்த ரெண்டு விழுந்தா இது தானா விழும், அதனால புகார்ல இதைப் பத்தி ஒரு வரி கூட எழுதாதீங்க. மானம் போச்சு மரியாதை போச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதினா சேனல்காரங்களுக்கு வசதி, "விமர்சனத்தைத் தாங்க முடியாதவர்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

ஆக என் நிலைப்பாடு இதுதானாக்கும். கருத்துக்குப் பதில் சொல்ல டைம் கடன் இல்ல. ஆனா ஒருத்தர் மேல ஒரு செயலைச் சுமத்தினா, அது செய்தியோ கருத்தோ காமெடியோ, ஒளிபரப்பறதுக்கு முன்னாடி அவரைக் கூப்பிட்டு "இப்படி ஒரு புகார், நீங்க என்ன சொல்லுறீங்க"ன்னு கேக்கறது கடன். அதைக் கேக்காம விட்டுட்டா அப்பறம் அந்தப் பதிலை அதே இடத்துல சொல்லவேண்டியது வட்டியோட கடன். நாகர்கோவில்ல அவங்களுக்கு மாவட்ட நிருபர் இருக்கார், குளத்து விஷுவல் எடுத்து அனுப்பினதே அவர்தான், உங்க நம்பர் கிடைக்க அவருக்கு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. டெஸ்க்ல இருந்தவன்ங்கறதால சொல்லுறேன், ராத்திரி 9 மணி நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் சாயங்காலமே ரெடி ஆயிடும், போன் போட நேரமில்லங்கறது சும்மா பேச்சு.

இது என்னோட ஆசை மட்டும் இல்ல. இங்கிலாந்துல டிவி ரேடியோவைக் கண்காணிக்கற ஆஃப்காம் அமைப்போட ஒளிபரப்பு நெறியில 7.11னு ஒரு விதி, ஒரு நிகழ்ச்சி ஒருத்தர் மேல தப்பு செஞ்சார், திறமையில்லாம நடந்தார்னு குற்றச்சாட்டு வச்சா, பதில் சொல்ல அவருக்குத் தகுந்த நேரத்துல தகுந்த வாய்ப்பு தரணும்னு சொல்லுது. ஜெர்மனியில மறுப்பு வெளியிடற உரிமை சட்டத்துலயே இருக்கு, ஆனா தகவலுக்கு மட்டும்தான், கருத்துக்கு இல்ல. நான் மேல நாலு வாக்கியத்தைப் பிரிச்சேன் பாருங்க, அங்க கோர்ட்டே அந்த மாதிரிதான் பிரிச்சுப் பாக்கும். இஞ்ச, நம்ம நக்கீரன் கோபால் வழக்கு, ஆட்டோ சங்கர் சுயசரிதை வெளியிடலாமாங்கற 1994ம் வருஷத்து வழக்கு, பத்திரிகைக்காரங்க பெருமையா சொல்லிக்கற தீர்ப்பு அது. அரசு அதிகாரிங்க பதவி சம்பந்தமான நடத்தையைப் பத்தி எழுதினா லேசுல மானநஷ்டம் கேக்க முடியாதுன்னு சொன்ன அதே தீர்ப்பு, நியாயமான அளவுக்கு விசாரிச்சுட்டுத்தான் எழுதினோம்னு காட்டினா போதும்னும் சொல்லிச்சு. விசாரிச்சோம்னு காட்டணும்ல? சம்பந்தப்பட்டவரையே கேக்காம என்ன விசாரிப்பு அது.

சரி, அப்படீன்னா ஏன் முழுசா எல்லாருக்கும் சம டைம்னு சட்டம் போடக்கூடாதுன்னு நீங்க கேப்பீங்க, மீனவர் சங்கத்துக்காரர் அதைத்தான் கேட்டார். அமெரிக்காவுல போட்டுப் பார்த்தாங்க. 1949லருந்து ஃபேர்னஸ் டாக்ட்ரின்னு ஒரு கொள்கை, ரேடியோ டிவி லைசென்ஸ் வச்சிருக்கறவன் சர்ச்சையான விஷயத்துல ரெண்டு பக்கமும் காட்டணும்னு. அது கூடவே, ஒருத்தரைத் தனிப்பட்ட முறையில தாக்கினா ஒரு வாரத்துக்குள்ள அவருக்குத் தகவல் சொல்லி பேசினதோட நகலும் குடுத்து பதிலுக்கு இடம் தரணும்னு ஒரு விதியும் 1967ல எழுதி வச்சாங்க. 1964ல பென்சில்வேனியாவுல ரெட் லயன்ங்கற சின்ன ஊர் ரேடியோவுல ஒரு பாதிரியார் கால் மணி நேரப் பேச்சுல ஃபிரெட் குக்னு ஒரு எழுத்தாளரைத் தாக்கிட்டார், குக் பதிலுக்கு இலவசமா டைம் கேட்டார், ஸ்டேஷன்காரன் தரமாட்டேன்னுட்டான், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1969ல குக் பக்கம் தீர்ப்பாச்சு. சின்ன ஊரு, சின்ன ஸ்டேஷன், கால் மணி நேரம், உங்க கதைதான். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு 1974ல அதே கோர்ட் பேப்பருக்கு இந்தக் கட்டாயம் செல்லாதுன்னுட்டுது, 1987ல கொள்கையையே கைவிட்டாங்க, 2000ல தாக்குதல் விதியும் போச்சு. கைவிட்டதுக்கு அவங்க சொன்ன முக்கியமான காரணம், பதிலுக்கு டைம் குடுக்கணுமேன்னு பயந்து ஸ்டேஷன்கள் சர்ச்சையான விஷயத்தையே தொடாம விட்டுடுதுங்கறது.

அந்தக் காரணத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். நம்ம ஜில்லாவை நினைச்சுப் பாருங்க. கல்குவாரி பத்தி ஒரு நிகழ்ச்சி, மணவாளக்குறிச்சி மணல் எடுக்கறதைப் பத்தி ஒரு நிகழ்ச்சி, துறைமுகம் பத்தி ஒண்ணு, இதுல விமர்சிக்கப்படற ஆளுங்க யாரு? பத்து வக்கீல் வச்சிருக்கறவங்க, பிரஸ் மீட் கூப்பிட்டா இருபது மைக் வர்றவங்க. சட்டத்துல சம டைம்னு வந்தா முதல்ல மனு எழுதி வரிசையில நிக்கறது அவிய ஆளாத்தான் இருக்கும், நீங்க இல்ல. அப்பறம் எந்த சேனலும் குவாரியைப் பத்தி வாய் திறக்காது, சினிமா விமர்சனமும் ஜோசியமும்தான் ஓடும். மந்திரியைத் திட்டினா மந்திரிக்கு நாளைக்குக் காலையில ஏர்போர்ட் வாசல்லயே ஏர்டைம் இருக்கு. உங்களுக்கு டீக்கடை பெஞ்சு கூட இல்லாம போச்சு. அதனால கட்டாயத்தை ஏர்டைம்ல வைக்காம முன்கூட்டியே கேக்கறதுல வைக்கணும்ங்கறதுதான் எனக்குச் சரின்னு படுது. மைக் இல்லாதவனைப் பத்திப் பேசறப்போ அந்தக் கடன் இன்னும் கூடுதல்.

இப்போ வேலைக்கு வருவோம்.

விவாதத்துக்குப் போகாதீங்க. நாலு தலை, நடுவுல நெறியாளர், கீழ "குளத்தை விழுங்கியது யார்?"னு பட்டை ஓடிட்டே இருக்கும், நீங்க வாயைத் திறந்து "தாசில்தார் அனுமதிக் கடிதம்"னு ஆரம்பிக்கும்போதே இன்னொருத்தர் குறுக்க விழுவார். உங்க மைக் சவுண்டு அவங்க கையில. நாற்பது வருஷம் கிளாஸ் எடுத்தவர் நீங்க, ஆனா அந்த கிளாஸ்ல கை தூக்கினா வாய்ப்பு வராது. விவாதம் அவங்களுக்கு ரெண்டாவது நாள் நிகழ்ச்சி, அவ்வளவுதான். (மலையாள சேனல் விவாதமும் இதே கதைதான், நம்ம பக்கம் பாதி வீட்டுல ரெண்டு மொழியிலயும் சண்டை பாத்துட்டுத்தான் சாப்பிடறோம்.)

கேக்க வேண்டியது வேற. அதே நிகழ்ச்சியில, அதே நேரத்துல, தொடக்கத்துல, உங்க எழுத்துப்பூர்வ பதிலை முழுசா வாசிக்கணும், யூடியூப்ல இருக்கற கிளிப் கீழயும் அதைப் போடணும். ஒரு நிமிஷத்துக்குள்ள வாசிச்சு முடிக்கிற மாதிரி சின்னதா இருக்கணும், நீளமா எழுதினா வெட்டுவாங்க, வெட்டற இடம் அவங்க இஷ்டம். சனிக்கிழமை நான் சொல்ல நீங்க எழுதினதை மத்தவங்களுக்கு மாதிரியா இருக்கட்டும்னு ஊர் பேரை எடுத்துட்டு இஞ்ச போடறேன்:

"எங்கள் குளத்தில் எடுத்த வண்டல் மண் கேரளாவுக்கு விற்கப்பட்டதாகத் தங்கள் நிகழ்ச்சியில் கூறப்பட்டது. அது உண்மையல்ல. தாசில்தார் அனுமதியுடன் எடுத்த மண் உள்ளூர் விவசாயிகளின் வாழை, தென்னை விளைகளுக்கு வழங்கப்பட்டது. பெற்றவர்களின் பெயரும் கையெழுத்தும் உள்ள பதிவேடு கமிட்டியிடம் உள்ளது. இரண்டு லோடு மட்டும் ஒருவரால் அனுமதியின்றி வீட்டுமனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது தெரிந்தவுடன் அவரிடம் அபராதம் வசூலித்து ரசீது கொடுக்கப்பட்டுள்ளது. நிகழ்ச்சிக்கு முன் எங்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பதிவேட்டைத் தங்கள் நிருபர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்."

அந்த ரெண்டு லோடு விஷயத்தை விட்டுடலாமான்னு போன்ல கேட்டீங்க. விடக்கூடாது. நீங்க மறைச்சா நிருபர் அந்த மனைக்காரரைப் பிடிச்சு ரெண்டை இருபதா காட்டுவார். நீங்களே சொல்லிட்டா அது கமிட்டி ஒழுங்கா நடக்குதுங்கறதுக்கு சாட்சி. வெட்கம், மானம், சதிங்கற வார்த்தை ஒண்ணும் அதுல இல்லைங்கறதையும் பாத்துக்கோங்க.

புகார் போற பாதை: 2021 ஜூன்ல கேபிள் டிவி விதிகளைத் திருத்தி மூணு படி வச்சிருக்காங்க. முதல் படி சேனலோட குறைதீர்ப்பு அதிகாரி, 24 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு ஒப்புகை தரணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். சொல்லலன்னாலோ சொன்னது சரியில்லன்னாலோ அடுத்த 15 நாளுக்குள்ள அந்த சேனல் சேர்ந்திருக்கற சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு அப்பீல். அதுக்கும் மேல மத்திய அரசோட கண்காணிப்புக் குழு. உங்க சேனல் என்பிடிஎஸ்ஏங்கற செய்தி சேனல்களோட சுய ஒழுங்குமுறை அமைப்புல இருக்கறதுன்னா அவங்க ரூல்படி ஒளிபரப்பான 7 நாளுக்குள்ள சேனலுக்குப் புகார் போயிருக்கணும், அதுக்காகத்தான் சனிக்கிழமை அவ்வளவு அவசரப்படுத்தினேன். நம்ம ஊர் லோக்கல் கேபிள் சேனலா இருந்திருந்தா பாதை வேற, அதுக்கு கலெக்டர்தான் அதிகாரம் உள்ளவர், நாகர்கோவில் கலெக்டரேட்ல மனு குடுக்கணும். கடைக்காரர் கவனிச்சுக்கோங்க, உங்களோடது லோக்கல் சேனல்.

புகார்ல இன்னொரு வரி கண்டிப்பா வேணும்: அன்னைக்கு ஒளிபரப்பானதோட முழுப் பதிவை அழிக்காம வைக்கணும்னு. சேனல்கள் 90 நாள் பதிவு வச்சிருக்கணும்ங்கறது லைசென்ஸ் நிபந்தனை, அதுக்கப்பறம் கேட்டா அழிஞ்சு போச்சும்பாங்க. யூடியூப் கிளிப்பை மட்டும் நம்பாதீங்க, ராத்திரி ஓடினது ஒண்ணு, காலையில ஏத்தினது வெட்டி ஒட்டினது ஒண்ணுன்னு டெஸ்க்ல நடக்கறதுதான்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவா வச்சுக்கோங்க. 2016 மார்ச்ல டெல்லியில ஒரு முஷாயிராவுல, அதாவது உருது கவியரங்கத்துல, கவிதை படிச்ச கவுஹர் ரசாவை ஜீ நியூஸ் "அஃப்சல் ஆதரவு கும்பல்"ங்கற மாதிரி (பார்லிமென்ட் தாக்குதல் வழக்குல தூக்குல போட்ட அஃப்சல் குரு) பேசினப்போ, அவர் தரப்புல போன புகாருக்கு 2017 ஆகஸ்ட்லதான் இதே அமைப்போட உத்தரவு வந்தது, மன்னிப்பு ஒளிபரப்பணும், ஒரு லட்சம் அபராதம்னு. ஒரு லட்சம்தான் அப்போ அந்த அமைப்பு போடக்கூடிய அதிகபட்சமே, அது ரொம்பக் குறைச்சல்னு சுப்ரீம் கோர்ட்டே 2023ல குறை சொல்லியிருக்கு. ஆனா முதல் படியிலேயே, சேனலோட வக்கீல் உங்க புகாரைப் படிச்சு "இவர்ட்ட பதிவேடு இருக்குது, நாம போன் போடல"ன்னு பார்த்தார்னா, வாசிச்சுட்டு முடிச்சுடலாம்னு சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கு, மானநஷ்ட வழக்கை விட ஒரு நிமிஷம் அவங்களுக்கு லாபம்.

வழக்கு பத்தி. சிவில் வழக்குக்கு ஒரு வருஷம் டைம் இருக்கு, குழித்துறை கோர்ட்லயே போடலாம். கிரிமினல்ல புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 356, பழைய ஐபிசி 500, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை. இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். ஒரு கருத்தாளரை ஜெயிலுக்கு அனுப்பற சட்டத்தை உங்களுக்காக நான் எடுத்தா நாளைக்கு குவாரிக்காரர் அதையே உங்க மேல எடுப்பார், எனக்கு அந்தப் பிரிவையே பிடிக்காது, இது என் சொந்த அபிப்பிராயம். 15 நாள்ல பதில் வரலன்னா சிவில் நோட்டீஸ் பத்திப் பேசலாம்.

கடைசியா ஒரு வேலை, இதை இன்னைக்கே செய்யணும். உங்க மருமகன் கத்தார்ல இருந்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல அந்தக் கருத்து நிகழ்ச்சி நெறியாளர் காசு வாங்கிட்டுப் பேசினார்னு வாய்ஸ் நோட்டு போட்டிருக்கார், நீங்களே எனக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கீங்க. அவர்ட்ட ஆதாரம் உண்டா? இல்லேல்ல. அப்போ நெறியாளர் உங்களுக்குச் செஞ்சதை அவர் நெறியாளருக்குச் செஞ்சிருக்கார், அதுவும் ஒரு போன் போட்டுக் கேக்காம. அதை எடுக்கச் சொல்லுங்க, அதுக்குப் பதிலா பதிவேட்டோட போட்டோவை குரூப்ல போடச் சொல்லுங்க, ஆளுங்க கையெழுத்து மட்டும் தெரியாம மறைச்சு. சேனல்லருந்து ஒப்புகை மெயில் வந்திருக்கும், ஸ்பேம்லயும் பாருங்க, வந்ததும் எனக்கு அனுப்புங்க, 15 நாளை, புகார் கிடைச்சதா அதுல போட்டிருக்கற தேதியில இருந்துதான் நான் எண்ணணும்.